வாத்தியாரைக் கேளுங்கள்: சாவிக்கொத்து எங்கே இருக்கிறது?

சென்ற மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். செட்டிநாட்டு வீடு ஒன்றை எழுத்தாலேயே கட்டி ஒரு கணினி விளையாட்டுச் செய்திருக்கிறேன், படம் இல்லை, சத்தம் இல்லை, 'நீ முகப்பில் நிற்கிறாய்' என்று திரையில் வரும், ஆடுகிறவர் 'கதவைத் திற' என்று தட்ட வேண்டும் என்று. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள், அச்சுப்பொறிக்கும் வைரஸுக்கும் ஒரு வருடத்தில் வந்ததைவிட அதிகம். ஆகவே இந்த இதழில் அது மட்டும்தான். அச்சுப்பொறியில் மை காய்ந்துபோனவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்கவும்.

ஆங்கிலத்தில் இவற்றை டெக்ஸ்ட் அட்வெஞ்சர் என்பார்கள். வீட்டில் நான் சொல்லாட்டம் என்கிறேன். இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

*எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன விளையாட்டுபோல எழுதச் சொல்லலாமா? எனக்கும் நிரல் எழுதத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. எந்தக் கருவி சரி?*
– ஓர் ஆசிரியை, தேனி

ட்வைன். யோசிக்கவே வேண்டாம். கிறிஸ் கிளைமஸ் என்பவர் 2009-இல் வெளியிட்டது. காசு கிடையாது. தரவிறக்கி நிறுவிவிட்டால் இணையம் இல்லாத கணினி அறையிலும் ஓடும்.

திறந்தால் வெறும் பலகை போன்ற ஒரு திரை. அதில் ஒரு கட்டம் இருக்கும். கட்டத்தைத் திறந்து கதையின் முதல் பகுதியை எழுதுங்கள். எங்கே வழி பிரிய வேண்டுமோ அங்கே இரட்டைச் சதுர அடைப்புக்குறி போடுங்கள், இப்படி: [[கிணற்றை எட்டிப் பார்|கிணற்றடி]]. நடுவில் இருக்கும் நெடுங்கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஆடுகிறவர் கண்ணில் படும் சொல்; வலப்பக்கம் இருப்பது போய்ச்சேர வேண்டிய கட்டத்தின் பெயர். 'கிணற்றடி' என்று கட்டம் இல்லையென்றால் ட்வைனே ஒன்றை உண்டாக்கி அம்புக்குறி போட்டு இணைத்துவிடும். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு வலைப்பக்கக் கோப்பாக வெளியிட்டால், அதை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பி போனின் உலாவியில் திறந்து ஆடலாம். பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய பரவசமாக இருக்கும், பாருங்கள். தன் கதையை அம்மாவின் போனில் ஆடிக் காட்டுவது.

இனி எச்சரிக்கை. ஒரு கட்டத்துக்கு இரண்டு வழி, அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று பத்துப் படி இறங்கினால் 1,024 முடிவுகள் எழுத வேண்டிவரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் படியிலேயே 'எல்லோரும் இறந்துவிட்டார்கள்' என்று எழுதிக் கடையைக் கட்டிவிடும். முக்கொம்பில் பிரியும் ஆறு கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகிறதல்லவா, அதுபோல வழிகளைக் கொஞ்ச தூரம் பிரித்துத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். கிணற்றடி வழியாக வந்தாலும் மாட்டுக்கொட்டகை வழியாக வந்தாலும் கடைசியில் தோட்டத்துக் கதவுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆனால் எந்த வழியாக வந்தான் என்பதைக் கதை நினைவில் வைத்திருக்க வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு ஒரு பேச்சு, வெறுங்கையோடு வந்தவனுக்கு வேறு பேச்சு. இதற்கு ட்வைனில் இரண்டே கட்டளை தெரிந்தால் போதும்: ஒன்றைக் குறித்து வைப்பது, குறித்தது உண்டா என்று பார்ப்பது. இவை மட்டும் ஆங்கிலச் சொற்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

முதல் வாரம் கணினியைத் தொடாதீர்கள். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் நம் பள்ளிக்கூடத்தின் ஓர் இடம்: மணி தொங்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், பூட்டியே கிடக்கும் அறை. (எந்தப் பள்ளியிலும் ஒன்று இருக்கும்.) அங்கே என்ன தெரிகிறது, என்ன மணக்கிறது, அங்கிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று எழுதட்டும். அட்டைகளைத் தரையில் பரப்பி நூல் போட்டு இணையுங்கள். அரைப் பக்கத்தில் கதையை முடித்தவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். பூட்டிய அறைக்கு அடிதடியே நடக்கும்.

*பொத்தானை அழுத்தும் விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை. ஆடுகிறவர் தமிழில் கட்டளை தட்ட வேண்டும், கணினிக்கு அது புரிய வேண்டும். இன்ஃபார்ம் என்ற கருவியைப் பார்த்தேன். அதைத் தமிழுக்குக் கொண்டுவர முடியுமா? அல்லது நானே எழுத வேண்டுமா?*
– கணினி அறிவியல் மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று காலை நடைக்கே நான் போகவில்லை.

இன்ஃபார்ம் அருமையான கருவி. கிரகாம் நெல்சன் 1993-இல் வெளியிட்டது. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில் நிரலே ஆங்கில வாக்கியம்தான். 'சமையலறை ஓர் அறை. விளக்கு சமையலறையில் இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அறை உண்டாகிவிடும், விளக்கும் அதில் வந்து உட்கார்ந்துவிடும். விளக்கை எடுப்பது, வைப்பது, பெட்டிக்குள் போடுவது, பூட்டுவது, இருட்டில் கண் தெரியாமல் போவது எல்லாம் ஏற்கெனவே அதற்குத் தெரியும். 2022-இல் அதன் மூல நிரலையும் திறந்துவிட்டார்கள்.

தடை என்னவென்றால், ஆடுகிறவர் தட்டுவதைப் பிரித்துப் பார்க்கும் பகுதி ஆங்கில இலக்கணத்தை எலும்பாகக் கொண்டது. அங்கே முதல் சொல் வினை, பிறகு பொருள், நடுவே தனிச் சொல்லாக 'உள்ளே', 'மேலே'. நமக்கோ வினை கடைசியில் வருகிறது. 'உள்ளே' என்பது பெட்டியோடு ஒட்டிப் 'பெட்டிக்குள்' ஆகிவிடுகிறது. கதவு 'கதவை' ஆகிறது, போதாக்குறைக்கு வல்லினம் மிகுந்து 'கதவைத்' ஆகிறது. வீடு 'வீட்டுக்கு', கிணறு 'கிணற்றில்', மரம் 'மரத்தை'. இன்ஃபார்மைத் திருத்தி இதற்குப் பழக்கலாம், ஆனால் ஆறு மாதம் அதற்கே போய்விடும். உங்களுக்கு விளையாட்டு வேண்டுமா, ஆராய்ச்சிப் பட்டம் வேண்டுமா?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். இந்த வகையின் முதல் விளையாட்டிலேயே விடை இருக்கிறது. வில் கிரவுதர் என்பவர் 1970களின் நடுவில் அமெரிக்காவில் எழுதியது, பிடிபி-10 என்ற பெரிய கணினியில், ஃபோர்ட்ரான் மொழியில். அவர் குகைக்குள் இறங்கி அளந்து வரைபடம் போடுகிறவர். கென்டக்கியில் உள்ள மம்மத் குகைத் தொகுதியின் ஒரு பகுதியைத்தான் விளையாட்டாக எழுதினார். மணவிலக்குக்குப் பிறகு தன் மகள்கள் ஆடுவதற்காக எழுதியது என்பார்கள். 1977-இல் டான் உட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார். அந்தக் குகையை நேரில் அறிந்தவர்கள் விளையாட்டின் அறைகளை இன்றும் அடையாளம் காட்டுகிறார்கள். நான் கற்பனைக் கோட்டையை விட்டுவிட்டு, என் அப்பா கணக்குப்பிள்ளையாக இருந்த வீட்டை எழுத உட்கார்ந்ததற்கு இந்தக் குகைதான் காரணம்.

நமக்கு வேண்டிய சங்கதி வேறு. அந்த விளையாட்டு எந்தச் சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் பார்த்தது. அந்தக் கணினியின் நினைவகத்தில் ஓர் அறைக்கு ஐந்து ஆங்கில எழுத்துதான் பிடிக்கும், ஆகவே சிக்கனம். அந்தச் சிக்கனம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நம் சொற்கள் மாறுவதெல்லாம் வாலில்தானே!

எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் முறையான ஒருங்குறியில் 'வு' என்பது 'வ' என்ற எழுத்தும் அதை ஒட்டி ஓர் உகரக் குறியும். 'வை' என்பது அதே 'வ', பின்னால் ஐகாரக் குறி. எனவே 'கதவ' என்ற துண்டில் தொடங்கும் எதையும் கதவு என்று எடுத்துக்கொள் என்றால் கதவு, கதவை, கதவைத், கதவில், கதவுக்கு எல்லாம் ஒரே அடியில் விழுந்துவிடும். கிணற்றுக்கு 'கிணற'. கிணறு, கிணற்றை, கிணற்றடி மூன்றும் அதில் அடங்கும். வீட்டுக்கு 'வீட' போதும். பெட்டிக்குப் 'பெட்டி'. மரத்துக்கு 'மர'. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு துண்டை நீங்களே கையால் எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டில் மிஞ்சிப்போனால் அறுபது பொருள் இருக்குமா? ஒரு மாலை வேலை. இலக்கண ஆய்வுப் பொறி எதுவும் வேண்டாம்.

நீளமான துண்டை முதலில் ஒப்பிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 'மர' முதலில் வந்தால் 'மரப்பெட்டியைத் திற' என்றவருக்கு மரத்தைத் திறக்க முடியாது என்று பதில் வரும். 'சாவி' முதலில் வந்தால் சாவிக்கொத்து என்றைக்கும் கிடைக்காது. வினைகளில் இது இன்னும் வேடிக்கை. என் முதல் பட்டியலில் 'போ' மேலேயும் 'போடு' கீழேயும் இருந்தன. 'பெட்டிக்குள் சாவியைப் போடு' என்று தட்டினால் 'பெட்டிக்குள் போக முடியாது, நீ பெரிய ஆள்' என்றது.

வாக்கியத்தைப் பிரிக்கக் கடைசிச் சொல்லை வினை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றில் பொருளைத் தேடுங்கள். 'திற கதவை' என்று மாற்றித் தட்டுகிறவரும் இருப்பார். கடைசியில் வினை கிடைக்கவில்லையென்றால் முதல் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியா, பெட்டிக்குள்ளா என்ற கேள்வி வரும் இடத்தில் மட்டும் வாலைப் பாருங்கள். என் நிரல் ஏறக்குறைய 200 வரி ஜாவாஸ்கிரிப்ட். உங்கள் வயதில் இருப்பவர்கள் அதைப் பாதியாகச் சுருக்கிவிடுவார்கள்.

இன்னொரு குழி. நான் இதில் விழுந்து நாலு நாள் எழுந்திருக்கவில்லை. 'கொடு' என்ற கட்டளை என் கணினியில் வேலை செய்தது. நண்பர் வீட்டில் செய்யவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக வைக்கலாம்: ஒகரத்துக்கு உள்ள ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. கோ, கௌ ஆகியவற்றுக்கும் இதே கதை. ஆடுகிறவர் தட்டியதை ஒப்பிடும் முன் ஒருங்குறி இயல்பாக்கம், அதாவது இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்குவது, செய்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஆயத்தக் கட்டளையே உண்டு, ஒரு வரி. உங்கள் துண்டுப் பட்டியலுக்கும் அதையே செய்யுங்கள்.

திசைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கில விளையாட்டுகளில் வடக்கு, தெற்கு என்று ஓர் எழுத்துச் சுருக்கம் தட்டி நடப்பார்கள். நானும் வ, தெ, கி, மே என்று வைத்துப் பார்த்தேன். யாரும் தட்டவில்லை. செட்டிநாட்டு வீட்டில் தெருவாசலில் நின்றால் முகப்பு, வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, பின்கட்டு எனக் கோடு போட்டதுபோலக் கொல்லைவரை தெரியும். அங்கே 'உள்ளே போ', 'வெளியே வா' என்றுதான் எல்லோருக்கும் வாயில் வருகிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு மட்டும் பெயர் சொல்ல வேண்டும். திசைகளைத் தூக்கிவிட்டேன்.

*எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் உதவியுடன் கணினியைப் பயன்படுத்துகிறேன். படமில்லாத விளையாட்டு என்றதும் ஆர்வம் வந்தது. ஆடுவது மட்டுமல்ல, ஒன்று செய்து பார்க்கவும் ஆசை.*
– வங்கி ஊழியர், மதுரை

நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இதை நான் யோசித்திருக்க மாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலே ஆசிரியைக்கு ட்வைனை அத்தனை புகழ்ந்தேனே, அதன் பலமே கட்டங்களும் அம்புகளும் கண்ணுக்குத் தெரிவதுதான். உங்களுக்கு அது உபத்திரவம். நீங்கள் வெறும் உரைக் கோப்பாக எழுதும் கருவியைப் பிடியுங்கள். இங்க் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம் தன் விளையாட்டுகளுக்காக உருவாக்கி, 2016-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. எந்த உரைத்தொகுப்பியிலும் எழுதலாம். ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கும் வரியின் முன் ஒரு நட்சத்திரக் குறி. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அது மறுபடி வராது. திரும்பத் திரும்ப வர வேண்டுமானால் நட்சத்திரத்துக்குப் பதில் கூட்டல் குறி. எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு கழித்தல் குறியும் பெரிது என்ற குறியும் சேர்ந்த அம்பு. வரிவரியாகக் காதால் கேட்டே எழுதிவிடலாம். கதைப் பகுதிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வையுங்கள், கதை தமிழில் இருக்கட்டும். சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற கருவியும் வெறும் உரைதான். அதில் வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி என்பது முக்கியம் என்பதால் உங்கள் திரைவாசிப்பானில் உள்தள்ளலை அறிவிக்கும் வசதியை முடுக்கிவிடுங்கள்.

ஆடுவதற்கு: பார்வையற்றவர்கள் ஆங்கிலச் சொல்லாட்டங்களைப் பல ஆண்டுகளாக ஆடிவருகிறார்கள். 1995 முதல் ஆண்டுதோறும் இவற்றுக்கென்றே ஒரு போட்டி நடக்கிறது, ஐஎஃப்காம்ப் என்று பெயர். வரும் படைப்புகளை இலவசமாகவே ஆடலாம். அங்கிருந்து தொடங்குங்கள். என் விளையாட்டில் இருட்டு அறை ஒன்று இருக்கிறது. விளக்கில்லாமல் அங்கே எதுவும் தெரியாது என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அந்த அறையில் 'தடவிப் பார்' என்ற கட்டளைக்கும் 'கேள்' என்ற கட்டளைக்கும் பதில் எழுதிச் சேர்த்தேன். நெல் குதிரின் சொரசொரப்பு, எலி ஓடும் சத்தம், பழைய புளியின் வாடை. விளக்கோடு வருகிறவரைவிட விளக்கில்லாமல் வருகிறவருக்கு இப்போது அந்த அறையில் அதிகம் கிடைக்கிறது.

*ட்வைனில் அறுபது கட்டம் எழுதியிருந்தேன். கணினி மெதுவாக ஓடுகிறதென்று உலாவியைச் சுத்தம் செய்தேன். எல்லாம் போய்விட்டது. மீட்க முடியுமா?*
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

முடியாது. உலாவியிலேயே எழுதினால் கதை அந்த உலாவியின் கிடங்கில்தான் இருக்கும். நீங்கள் சுத்தம் செய்தது அந்தக் கிடங்கை. இனி தரவிறக்கி நிறுவும் பதிப்பைப் பயன்படுத்துங்கள், அது ஆவணங்கள் உறையில் கோப்பாகவே வைக்கும். உலாவிதான் என்றால், தினமும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கும் முன் மொத்தக் கதைகளையும் காப்பகக் கோப்பாக இறக்கி வையுங்கள். அறுபது கட்டத்தையும் மறுபடி எழுதுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இரண்டாம் முறை எழுதும்போது நாற்பதில் முடியும், நன்றாகவும் இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

*1980களில் இந்தக் கருவிகள் எதுவும் இல்லையே, அப்போது எப்படிச் செய்தார்கள்? நீங்கள் அந்தக் காலத்து ஆள் என்பதால் கேட்கிறேன்.*
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

அந்தக் காலத்து ஆள்தான். மத்திய அரசு 1984-இல் பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் நான் இயற்பியல் எடுத்த பள்ளிக்கும் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 32 கிலோபைட் நினைவகம். இன்று உங்கள் போனில் காலை வணக்கப் பூப்படம் ஒன்றைத் திறந்தால் அதற்கே அது போதாது. கோடை விடுமுறையில் கணினி அறைச் சாவி என்னிடம் இருந்தது. பேசிக் மொழியில் பன்னிரண்டு அறை கொண்ட குகை ஒன்றைக் கட்டினேன். பதின்மூன்றாம் அறைக்கு இடமில்லை என்று கணினி சொல்லிவிட்டது. 'இருண்ட, ஈரமான, பாசி படிந்த குகை' என்பதில் ஈரத்தையும் பாசியையும் வெட்டி எறிந்து பதின்மூன்றாம் அறையை நுழைத்தேன். சிக்கனமாக எழுத எனக்கு வாய்த்த ஒரே ஆசான் அந்த 32 கிலோபைட்.

ஆனால் கருவி இல்லை என்பது சரியல்ல. 1983-இல் வேல்ஸில் உள்ள கில்சாஃப்ட் என்ற சிறு நிறுவனம் குவில் என்ற கருவியை விற்றது. எழுதியவர் கிரேம் யாண்டில். ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினிக்கானது. நிரல் எழுதத் தெரியாதவர் அட்டவணைகளை நிரப்பினாலே விளையாட்டு தயாராகும்: இடங்களுக்கு ஓர் அட்டவணை, எந்த இடத்திலிருந்து எங்கே போகலாம் என்பதற்கு ஒன்று, சொற்களுக்கு ஒன்று, 'இன்ன இடத்தில் இன்ன சொல் தட்டினால் இன்னது நடக்கட்டும்' என்பதற்கு ஒன்று. சொல்லில் முதல் நான்கு எழுத்தை மட்டும் பார்த்தது. பிரிட்டனில் அதை வைத்து ஏராளமானவர்கள் விளையாட்டு எழுதி விற்றார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரியவந்தபோது நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்தேன். அந்தக் கோடையிலேயே தெரிந்திருந்தால் பதின்மூன்று அறையோடு நின்றிருப்பேனா?

*இதை எழுதி விற்றுப் பணம் பார்க்க முடியுமா?*
– ஒரு வாசகர், திருப்பூர்

இந்த வகையில் கொடிகட்டிப் பறந்த இன்ஃபோகாம் நிறுவனம் 1979-இல் தொடங்கி, 1986-இல் கைமாறி, 1989-இல் மூடப்பட்டது. அவர்களைக் கவிழ்த்தது விளையாட்டு அல்ல, அலுவலகங்களுக்கென்று பெரும் பணம் போட்டுச் செய்த ஒரு தரவுத்தள மென்பொருள். தமிழில் எழுதினால் கவிழ்வதற்கும் பணம் இருக்காது. பனியன் தொழிலை விட்டுவிடாதீர்கள்.

*செயற்கை நுண்ணறிவிடம் 'நீ ஒரு சாகசக் கதையை நடத்து' என்றால் அதுவே நடத்துகிறது. எந்த வாக்கியத்தைத் தட்டினாலும் புரிந்துகொள்கிறது. இனியும் துண்டு துண்டாகச் சொல் பொருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை அல்லவா?*
– மென்பொருள் பொறியாளர், சென்னை

நியாயமான கேள்வி. 2019-இலேயே ஏஐ டஞ்சன் என்ற பெயரில் இப்படி ஒன்று வந்துவிட்டது. நானும் ஓர் உரையாடல் நிரலிடம் என் செட்டிநாட்டு வீட்டைக் கொடுத்துப் பார்த்தேன். புரிந்துகொள்ளும் திறன் பிரமாதம். 'அந்தச் சாவிக்கொத்தைக் கொஞ்சம் இப்படி எடேன்' என்றாலும் எடுத்தது. என் 200 வரிக்கு அது ஏழேழு ஜென்மத்துக்கும் வராது.

சாவிக்கொத்தைக் கிணற்றில் எறிந்தேன். 'தொபுக்கென்ற ஓசை' என்று அழகாக வர்ணித்தது. நாலைந்து பேச்சுக்குப் பிறகு இரும்புப் பெட்டியைத் திற என்றேன். 'இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பெட்டியைத் திறக்கிறாய்' என்றது. கிணற்றில் போட்டேனே என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கிணறு வற்றிவிட்டது என்றது! எதைச் சொன்னாலும் ஆமாம் என்கிற வீட்டில் பூட்டு எதற்கு, பெட்டி எதற்கு? என் அப்பா அந்தச் சாவிக்கொத்தை முப்பது வருடம் இடுப்பில் சுமந்தார். ஒரு நாள் காணாமல் போனபோது வீட்டில் மூன்று வேளை யாரும் சாப்பிடவில்லை. அந்தக் கனம் விளையாட்டில் இருக்க வேண்டுமானால், கிணற்றில் விழுந்தது கிணற்றில்தான் கிடக்க வேண்டும். அதற்கு அந்தப் பழைய அட்டவணை போதும்: சாவிக்கொத்து, இருக்குமிடம், கிணறு.

ஆடுகிறவர் தட்டியதைப் புரிந்துகொள்ள மட்டும் நுண்ணறிவை வைத்துக்கொண்டு, எது எங்கே இருக்கிறது என்ற கணக்கை உங்கள் நிரலிடமே விட்டால் நல்ல சேர்க்கை. செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

*விளையாட்டை முடித்துவிட்டேன். நண்பர்களுக்குக் கொடுத்தேன். ஒருவரும் இரண்டாவது அறையைத் தாண்டவில்லை. புதிர் அவ்வளவு கடினமும் இல்லை. எங்கே தவறு?*
– பட்டயக் கணக்காளர், நாகர்கோவில்

அனுப்பியிருந்த விளையாட்டை ஆடிப் பார்த்தேன். பெட்டியின் மேல் துணி கிடக்கிறது என்கிறீர்கள். நான் 'துணியை எடு' என்றேன், புரியவில்லை என்றது. 'தூக்கு', 'நகர்த்து', 'இழு', 'உதறு', 'மடி' எல்லாம் தட்டினேன். புரியவில்லை, புரியவில்லை. கடைசியில் நிரலைத் திறந்து பார்த்தால் 'விலக்கு' என்று இருக்கிறது. கணக்காளர் அல்லவா, ஒரு தொகைக்கு ஒரே தலைப்புத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள். ஒரு செயலுக்கு ஐந்து சொல்லாவது வையுங்கள். நாகர்கோவில்காரர் சொல்வதும் நான் சொல்வதும் வேறாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கூடவே, 'புரியவில்லை' என்பதை ஒரே பதிலாக வைக்காமல், சொல் தெரியவில்லையா, பொருள் இங்கே இல்லையா, இரண்டும் தெரிந்தும் செய்ய முடியாததா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு 'எப்படி இருந்தது' என்று கேட்பதில் பயனில்லை. நன்றாக இருந்தது என்பார்கள். பக்கத்தில் உட்கார வைத்து ஆடச் சொல்லி, நீங்கள் பின்னால் ஒரு நாற்காலியில் காகிதமும் பேனாவுமாக உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான காரியம். அவர் தட்டும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் விளையாட்டுக்குத் தெரியாத சொல்லை அடிக்கோடிடுங்கள். மூன்று பேர் போதும்.

என் மூன்று பேரில் ஒருத்தி என் தம்பியின் பேத்தி, ஒன்பது வயது. விளக்கு இல்லாமல் இருட்டறைக்குள் போய்க் கதவையும் சாத்திக்கொண்டாள். அங்கே என் பட்டியலில் 'தடவிப் பார்', 'கேள்', 'திற', 'வெளியே போ' இருந்தன. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். பிறகு 'அத்தையைக் கூப்பிடு' என்று தட்டினாள். புரியவில்லை என்றது. 'அத்தை' என்றாள். புரியவில்லை. 'அத்தை!!!'

அந்த வீட்டில் இருட்டில் மாட்டிக்கொண்டபோதெல்லாம் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். இப்போது அந்த அறையில் யாரைக் கூப்பிட்டாலும், எந்த உறவு சொல்லிக் கூப்பிட்டாலும், இரண்டாம் கட்டிலிருந்து அத்தை ஈரக் கையோடு அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். கதவைத் திறந்துவிட்டு, 'கணக்குப்பிள்ளை மகனுக்கு இங்கே என்னடா வேலை?' என்று கேட்கிறாள். விளக்கை மட்டும் தரமாட்டேன் என்கிறாள்.